ஃபில்டரைக் கழுவினால் மீன் ஏன் சாகிறது?

"நேற்றுதான் ஃபில்டரை நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறது. அப்படியும் மீன் சாகிறதே?" மீன் வளர்ப்பவர்கள் நாலு பேர் கூடினால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. பதிலும் ஆளுக்கொன்றாக வரும். தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்பார் ஒருவர். மீன் வரும்போதே நோயோடு வந்திருக்கும் என்பார் இன்னொருவர். "நல்ல பாக்டீரியா செத்துப்போயிருக்கும்" என்று மூன்றாமவர் சொல்வார். பெரும்பாலும் அவர் சொல்வதுதான் சரி. ஆனால் அந்த நல்ல பாக்டீரியா எது, எங்கே இருக்கிறது, எதனால் சாகிறது என்று கேட்டால் அங்கேயும் தெளிவான பதில் கிடைப்பது அரிது.

இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் ஃபில்டர் என்ற பெயர்தான். ஃபில்டர் என்றதும் நமக்குச் சல்லடை நினைவுக்கு வருகிறது. சல்லடையில் கசடு சேர்ந்தால் கழுவுவோம். எவ்வளவு சுத்தமாகக் கழுவுகிறோமோ அவ்வளவு நல்லது. மீன்தொட்டி ஃபில்டரும் கசடு பிடிக்கிறது, உண்மைதான். ஆனால் மீனின் உயிரைக் காப்பது அந்த வேலை இல்லை.

என் முதல் தொட்டியில் இதை அறியாமல்தான் நானும் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிடித்து, பழைய பிரஷ்ஷால் தேய்த்து, வாங்கியபோது இருந்த நிறம் வரும்வரை கழுவினேன். இரண்டாம் நாள் மாலை மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மூன்றாம் நாள் காலையில் இரண்டு மிதந்தன. தண்ணீரில் ஒரு தூசு கூட இல்லை. அந்தக் காட்சி இன்னும் மனதில் இருப்பதால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தெளிந்த தண்ணீர் வேறு, நல்ல தண்ணீர் வேறு

கதவு ஜன்னல் எல்லாம் அடைத்த ஓர் அறையை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கேயே சாப்பாடு, அங்கேயே தூக்கம், அங்கேயே கழிப்பதும். தொட்டி மீனின் நிலைமை இதுதான். ஆற்றிலும் குளத்திலும் கழிவு பெருந்தண்ணீரில் கரைந்து போய்விடும். ஐம்பது லிட்டர் தொட்டியில் அது எங்கும் போக முடியாது.

மீனின் கழிவு என்றால் நம் கண்ணில் படுவது அடியில் கிடக்கும் எச்சம்தான். கண்ணில் படாத கழிவு ஒன்று உண்டு, ஆபத்து அதில்தான். அதன் பெயர் அம்மோனியா. உணவில் உள்ள புரதத்தை உடல் பயன்படுத்தும்போது மிஞ்சும் நைட்ரஜன் கழிவு அது. மீன் அதில் பெரும்பங்கைச் செவுள் வழியாகவே, மூச்சு விடுவதுபோல, ஓயாமல் வெளியே விட்டுக்கொண்டிருக்கும். மீன் தின்னாமல் விட்ட தீனியும், அழுகும் இலையும், கவனிக்காமல் கிடக்கும் செத்த நத்தையும் அழுகும்போது இதே அம்மோனியா வருகிறது. அதற்கு நிறம் கிடையாது. தொட்டியில் சேரும் அளவில் நம் மூக்குக்கும் எட்டாது. கண்ணாடி போன்ற தண்ணீரிலும் மீனைக் கொல்லும் அளவுக்கு அது இருக்க முடியும். அது செவுளைப் புண்ணாக்கும்; மீன் மூச்சுக்குத் தவிக்கும்.

இந்த அம்மோனியாவை எந்த ஸ்பாஞ்சும் சல்லடையும் பிடிக்க முடியாது. நீரில் கரைந்த உப்பைத் துணியில் வடிகட்ட முடியுமா? அதே போலத்தான். கரைந்து போனதை எடுக்க வேண்டுமானால், அதைத் தின்னும் ஓர் உயிர் வேண்டும்.

அம்மோனியாவைத் தின்று வாழும் உயிர்

அப்படி ஓர் உயிர் இருக்கிறது. 1890 வாக்கில் செர்கெய் வினோகிராட்ஸ்கி என்ற நுண்ணுயிரியலாளர் மண்ணிலிருந்து அவற்றைப் பிரித்தெடுத்தார். நமக்குச் சோறு எப்படியோ, செடிக்கு வெயில் எப்படியோ, இந்த பாக்டீரியாவுக்கு அம்மோனியா அப்படி. அம்மோனியாவை ஆக்சிஜனோடு சேர்த்து மாற்றும்போது கிடைக்கும் சக்தியில்தான் இவை உயிர் வாழ்கின்றன. நமக்கு உதவ வேண்டும் என்று எதுவும் செய்வதில்லை. தங்கள் பிழைப்பைப் பார்க்கின்றன, அதில் மீனும் பிழைக்கிறது.

வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. முதல் கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட் என்ற பொருளாக மாற்றும். இதுவும் விஷம்தான். செவுள் வழியாக ரத்தத்தில் கலந்து, ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி ரத்தத்தைக் கெடுத்துவிடும். ரத்தமே பழுப்பு நிறமாகும். இரண்டாவது கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் ஒப்பீட்டில் மிகச் சாது. அதிகமாகச் சேராமல் அவ்வப்போது கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போதும், செடி இருந்தால் அதுவும் உறிஞ்சிக்கொள்ளும். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் என்று போகும் இந்தப் பாதையைத்தான் நைட்ரஜன் சுழற்சி என்கிறோம். "தொட்டி சைக்கிள் ஆகிவிட்டதா?" என்று மீன் வளர்ப்பவர்கள் கேட்பது இதைப் பற்றித்தான்.

முதல் வேலைக்கு நைட்ரோசோமோனாஸ், இரண்டாவதுக்கு நைட்ரோபாக்டர் என்று பழைய புத்தகங்களில் படித்திருப்பீர்கள். தொட்டிகளில் இரண்டாவது வேலையைப் பெரும்பாலும் செய்வது நைட்ரோஸ்பைரா என்று பின்னால் தெரிந்தது. 2015-இல் இன்னும் ஒரு படி மேலே போய், இரண்டு கட்டத்தையும் ஒரே ஆளாகச் செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைரா வகைகளைக் கண்டுபிடித்தார்கள். அவற்றில் சில கிடைத்தது ஒரு மீன் வளர்ப்பு அமைப்பின் ஃபில்டரிலிருந்துதான்! பெயர்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒரே ஒரு குணத்தை மட்டும் நினைவில் வையுங்கள்: இவை மிக மெதுவாகப் பெருகும்.

எவ்வளவு மெதுவாக? நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா நல்ல சூழலில் இருபது நிமிடத்தில் இரண்டாகும். நம் தொட்டி பாக்டீரியா இரண்டாக அரை நாளிலிருந்து ஒரு நாள், சில சமயம் அதற்கும் மேலே ஆகும். புதுத் தொட்டியில் இவை போதுமான அளவு பெருக நாலு முதல் ஆறு வாரம் பிடிப்பது இதனால்தான். கழுவித் துடைத்துவிட்டு "நாளைக்குத் திரும்ப வளர்ந்துவிடும்" என்று இருக்க முடியாததும் இதனால்தான்.

இதுவரை பார்த்ததை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். மீன் ஓயாமல் அம்மோனியா விடுகிறது, அது கண்ணுக்குத் தெரியாத விஷம். பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. மெதுவாக வளரும் என்பதால் இழந்தால் திரும்பப் பெற வாரக்கணக்கில் ஆகும்.

எங்கே குடியிருக்கிறது?

பலரும் தவறாக நினைக்கும் இடம் இது. "பாக்டீரியா போய்விடும், தண்ணீரை அதிகம் மாற்றாதே" என்ற அறிவுரையை எத்தனை பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன்! நமக்கு வேண்டிய பாக்டீரியா தண்ணீரில் மிதந்து திரிவது மிகக் குறைவு. அது ஒட்டி வாழும் ஜாதி.

ஓடையில் இறங்கிக் கல்லில் கால் வைத்தால் வழுக்குமே, அந்த வழவழப்பைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? நுண்ணுயிர்கள் தாங்களே சுரக்கும் பசையில் ஒன்றோடொன்று ஒட்டி, அடுக்கடுக்காக வாழும் மெல்லிய தோல் அது. இதற்கு உயிர்ப்படலம் என்று பெயர். தொட்டியின் கண்ணாடி, மணல், கல், கட்டை எல்லாவற்றிலும் இந்தப் படலம் உண்டு. ஆனால் ஃபில்டருக்குள் இருக்கும் ஸ்பாஞ்ச், செராமிக் வளையம் போன்றவற்றில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். இவற்றை மீடியா என்கிறார்கள். அவற்றின் ஓட்டைகளுக்குள் பாக்டீரியா ஒட்ட ஏராளமான பரப்பு கிடைக்கிறது. அதோடு தீனியும் காற்றும் கலந்த தண்ணீர் நாள் முழுக்க அந்த வாசலைத் தாண்டி ஓடுகிறது.

ஸ்பாஞ்சில் படியும் பழுப்புச் சேறுதான் நல்ல பாக்டீரியா என்று நினைக்கிறவர்களும் உண்டு. அதுவும் சரியில்லை. அந்தச் சேற்றில் பெரும்பகுதி மட்கிய கழிவும், அதைத் தின்னும் வேறு வகை நுண்ணுயிர்களும்தான். நமக்கு வேண்டியவை ஸ்பாஞ்சின் இழைகளில் ஒட்டிக் கிடக்கின்றன. எனவே சேறு போனால் நஷ்டமில்லை. சேற்றை எடுக்கப் போய்ப் படலத்தை உரித்துவிடுவதுதான் நஷ்டம்.

உயிரோடு இருக்க என்ன வேண்டும்?

ஈரம் வேண்டும், தீனி வேண்டும், ஆக்சிஜன் வேண்டும், மேலே விஷம் படக்கூடாது. இவ்வளவுதான். ஈரத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: வெயிலில் காயவைத்த ஸ்பாஞ்ச் திரும்பப் புது ஸ்பாஞ்ச்தான். தீனி மீன் இருக்கும்வரை தானாகக் கிடைக்கும்.

ஆக்சிஜன் விஷயத்தில்தான் நாம் ஏமாந்துவிடுகிறோம். அம்மோனியாவில் உள்ள ஒரு கிராம் நைட்ரஜனை நைட்ரேட் வரை கொண்டுபோக இவற்றுக்குச் சுமார் நாலரை கிராம் ஆக்சிஜன் வேண்டும். மீன் மட்டுமல்ல, ஃபில்டரும் மூச்சு விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சேறு அடைத்து ஓட்டம் குறைந்தால் உள்ளே இருக்கும் படலத்துக்கு ஆக்சிஜன் போய்ச் சேராது. சுத்தம் செய்யவே பயந்து ஆறு மாதம் ஃபில்டரைத் தொடாமல் விடுவதும் தவறாவது இப்படித்தான். தண்ணீர் வரும் வேகம் பாதியாகக் குறைந்தால், ஸ்பாஞ்சைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

வெப்பமும் பிஎச்சும் அடுத்தது. தண்ணீர் எவ்வளவு அமிலமாக அல்லது காரமாக இருக்கிறது என்று காட்டும் எண்தான் பிஎச். 7 என்றால் நடுநிலை. இருபத்தைந்து முதல் முப்பது டிகிரி செல்சியஸில், 7-க்குக் கொஞ்சம் மேலே இருக்கும் பிஎச்சில், இவை சுறுசுறுப்பாக இருக்கும். பிஎச் 6-க்கு அருகே போனால் வேலை மிகவும் மந்தமாகிவிடும். இதில் ஒரு சிக்கல் உண்டு: இவை வேலை செய்யச் செய்ய அமிலம் உண்டாகி, தண்ணீரின் காரத்தன்மை கரைந்துகொண்டே வரும். மாதக்கணக்கில் தண்ணீரே மாற்றாத தொட்டியில் பிஎச் சரிந்து பாக்டீரியா முடங்குவது இதனால்தான். தண்ணீர் மாற்றினால் பாக்டீரியா போய்விடாது என்பது மட்டுமில்லை, மாற்றாவிட்டால்தான் அதற்குக் கஷ்டம்.

எப்படிக் கழுவுவது?

தண்ணீர் மாற்றும் நாளில் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை ஒரு வாளியில் வையுங்கள். ஃபில்டரை நிறுத்திவிட்டு ஸ்பாஞ்சை மெல்லக் கழற்றி நேராக அந்த வாளிக்குள் இறக்குங்கள். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அமுக்கி விடுங்கள். முதல் அமுக்கில் வாளி முழுக்கக் கறுத்துவிடும். இரண்டாவதில் கொஞ்சம் குறையும். மூன்று நாலு தடவைக்குப் பிறகு, ஸ்பாஞ்ச் இன்னும் பழுப்பாகத்தான் இருக்கும், ஆனால் தண்ணீர் தடையில்லாமல் ஊடே போகும். அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்தப் பழுப்பு போகத் தேவையில்லை. பிழியவோ, முறுக்கவோ, பிரஷ் போடவோ வேண்டாம். செராமிக் வளையங்களை அதே தண்ணீரில் ஒரு ஆட்டு ஆட்டி எடுத்தால் போதும்.

கையில் இருக்கும்போதே மோந்து பாருங்கள். நல்ல ஸ்பாஞ்சில் ஈர மண் வாசம் அடிக்கும். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் உள்ளே எங்கோ ஆக்சிஜன் போகாத இடம் இருக்கிறது. அடுத்த முறை சீக்கிரமே சுத்தம் செய்யுங்கள்.

சோப்பு, வெந்நீர், ப்ளீச்சிங் பவுடர் எதுவும் அருகில் வரக்கூடாது. எல்லா மீடியாவையும் ஒரே நாளில் மாற்றுவதும் கூடாது. "மாதம் ஒருமுறை மாற்றவும்" என்று போட்டிருக்கும் கார்ட்ரிட்ஜ் ஃபில்டர்களை நான் விரும்பாததற்குக் காரணம் இதுதான்: அச்சிட்டபடி மாற்றினால் மாதாமாதம் குடியிருப்பையே இடித்துத் தள்ளுகிறோம். ஸ்பாஞ்ச் பிய்ந்து தொங்கும்வரை அது நல்ல ஸ்பாஞ்ச்தான். மாற்றியே ஆக வேண்டும் என்றால் பாதியை மாற்றி, நாலு வாரம் கழித்து மறு பாதியை மாற்றுங்கள். புது ஃபில்டர் வாங்கினாலும் பழையதோடு சேர்த்து ஐந்தாறு வாரம் ஓடவிட்டுப் பிறகு பழையதை எடுங்கள்.

குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின்

குடிநீரில் கிருமி வளராமல் இருக்கத்தான் குளோரின் கலக்கிறார்கள். நல்ல கிருமி, கெட்ட கிருமி என்ற வித்தியாசம் அதற்குத் தெரியாது. ஆனால் ஒரு நொடி குழாய்த் தண்ணீர் பட்டதும் எல்லாமே செத்துவிடும் என்று சிலர் பயமுறுத்துவதும் மிகைதான். உயிர்ப்படலத்தின் பசை ஓரளவு காப்பாற்றும். என் தொட்டியில் நடந்ததுபோல, வேகமான குழாய்த் தண்ணீரும் பிரஷ்ஷும் சேர்ந்தால்தான் பேரிழப்பு.

தொட்டிக்குள் ஊற்றும் தண்ணீருக்குக் கவனம் இன்னும் அதிகம் தேவை. வெறும் குளோரின் என்றால் திறந்த வாளியில் ஒரு நாள் வைத்தாலே பெருமளவு வெளியேறிவிடும். சில ஊர்களில் குளோரினோடு அம்மோனியாவைச் சேர்த்துக் குளோரமின் என்ற பொருளாகக் கலக்கிறார்கள். அது அப்படி எளிதில் போகாது. உங்கள் தண்ணீரில் எது இருக்கிறது என்று தெரியாவிட்டால் குளோரின் நீக்கும் மருந்தைக் கலந்துவிடுவதே பாதுகாப்பு. அதில் குளோரமினையும் நீக்கும் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மின்சாரம் போனால்

தொட்டிக்குள்ளேயே இருக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டரானால் பயம் குறைவு, அதைச் சுற்றித் தொட்டித் தண்ணீர் இருக்கிறது. வெளியே வைத்து மூடி போட்டிருக்கும் கேனிஸ்டர் வகையில் நிலைமை வேறு. உள்ளே அடைபட்ட கொஞ்சத் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை அத்தனை கோடி உயிர்களும் சேர்ந்து சீக்கிரமே தீர்த்துவிடும். நம் பாக்டீரியா உடனே செத்துவிடாது. முடங்கிக் கிடக்கும், பல மணி நேரம் தாங்கும். ஆனால் நேரம் போகப்போக உள்ளே இருக்கும் சேறு அழுக ஆரம்பிக்கும். மின்சாரம் வந்ததும் அந்த நாறிய தண்ணீர் மொத்தமும் மீன் மேல் பாயும்.

ஒன்றிரண்டு மணி நேரத் தடை என்றால் எதுவும் செய்ய வேண்டாம். அரை நாள் போகும் போலிருந்தால் கேனிஸ்டரைத் திறந்து, மீடியாவை எடுத்துத் தொட்டித் தண்ணீரிலேயே போட்டு வையுங்கள். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் இருந்தால் அதன் குமிழிகளை மீடியா பக்கமாக விடுங்கள். மீனுக்கும் அதே காற்று போதும். திறக்க முடியாமல் போய்விட்டதா? ஓடவிடும் முன் உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மீடியாவைத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள்.

வேறு சில சமயங்கள்

நோய்க்கு மருந்து போடும்போது கவனம். ஆன்டிபயாடிக் சில இந்த பாக்டீரியாவையும் தாக்கும். மெத்திலீன் புளூவும் அப்படித்தான். நோய்ப்பட்ட மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி மருந்து கொடுத்தால் பெரிய தொட்டியின் ஃபில்டர் தப்பிக்கும்.

தொட்டியை இடம் மாற்றினால் மீடியாவைத் தொட்டித் தண்ணீரில் நனைத்தபடியே எடுத்துப்போங்கள். பாத்திரத்தை விளிம்பு வரை நிரப்பி இறுக்கி மூடாமல், பாதிக்குக் காற்று இருக்கும்படி விடுங்கள். மீனே இல்லாமல் தொட்டி சில நாள் காலியாக இருந்தால் பாக்டீரியா பட்டினியில் சுருங்கும். ஆனால் ஒரேயடியாக அழிந்துவிடாது. வாரக்கணக்கில் காலியாக இருந்ததென்றால் மீன்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள்.

தவறு நடந்துவிட்டால்

ஏற்கெனவே ஃபில்டரைத் தேய்த்துக் கழுவிவிட்டு இதைப் படிக்கிறீர்கள் என்றால், முதலில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பார்க்கும் டெஸ்ட் கிட் ஒன்று வாங்குங்கள். நல்ல தொட்டியில் இரண்டும் பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டவில்லையா? தீனியை மிகவும் குறையுங்கள். வளர்ந்த மீன் சில நாள் பட்டினி தாங்கும், அம்மோனியாவைத் தாங்காது. தினமும் நாலில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை, குளோரின் நீக்கிய தண்ணீரால் மாற்றுங்கள். ஏர் பம்ப்பை நிறுத்தாதீர்கள். பிஎச் அதிகமுள்ள தண்ணீரில் இன்னும் அவசரம் காட்ட வேண்டும். அம்மோனியாவில் ஒரு பங்குதான் உண்மையான விஷ வடிவில் இருக்கும். பிஎச் 7-லிருந்து 8-க்குப் போனால் அந்தப் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும்.

நோயில்லாத தொட்டி வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் அவர் ஃபில்டரிலிருந்து ஒரு துண்டு ஸ்பாஞ்ச் கேட்டு வாங்கி உங்கள் ஃபில்டரில் வையுங்கள். பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவை விட நான் நம்புவது இதைத்தான். பாட்டிலில் சில நன்றாக வேலை செய்யும், ஆனால் உள்ளே இருப்பது உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை.

எனக்கு அன்று அப்படி ஒரு துண்டு கிடைத்தது. மீதமிருந்த நாலு மீனுக்கும் தினமும் தண்ணீர் மாற்றி, காலையும் மாலையும் டெஸ்ட் செய்தேன். முதலில் அம்மோனியா இறங்கியது, நைட்ரைட் ஏறியது, அப்புறம் அதுவும் இறங்கியது. இப்போது என் பெரிய தொட்டியின் பின்மூலையில் உள்ளங்கை அளவு ஸ்பாஞ்ச் ஒன்று ஏர் பம்ப்போடு எப்போதும் ஓடுகிறது. அந்தத் தொட்டிக்கு அது தேவையே இல்லை. யாராவது "மீன் மேலே வந்து வாயைத் திறக்கிறது" என்று கூப்பிட்டால், ஒரு டப்பாவில் தொட்டித் தண்ணீர் பிடித்து அதைப் போட்டுக் கொடுத்து அனுப்புவேன். அன்று மாலையே அந்த மூலையில் ஒரு புது ஸ்பாஞ்சை வைத்துவிடுவேன்.